கணக்கு டீச்சர் பதில்கள்: கம்ப்யூட்டர் போட்ட கணக்கைத் திருத்துவது யார்?

பொறியியல் முதலாண்டுக் கணக்கை கம்ப்யூட்டரில் போட்டுப் பழகுகிறவர்கள் சந்தேகம் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். கடிதமும் மின்னஞ்சலுமாக வந்து குவிந்துவிட்டன. மாணவர்கள் மட்டும் இல்லை, அப்பாக்கள் எழுதியிருக்கிறார்கள், பாடம் நடத்துகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். விஷயம் உள்ள இடத்தில் நின்று பேசுகிறேன், மற்றதற்கு ஒன்றிரண்டு வரிதான். இங்கே நான் காட்டும் கம்ப்யூட்டர் வரிகளில் எண்ணும் குறியும் மட்டுமே இருக்கும். ஆக்டேவ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளைத் திறந்து அப்படியே தட்டிப் பார்க்கலாம்.

கல்லூரி லேபில் மேட்லேப் என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போன் மட்டும்தான். காசு கட்டாமல் பழக வழி உண்டா டீச்சர்?
— முதலாண்டு மாணவி, ராஜபாளையம்

உண்டு. ஆக்டேவ் முழுக்க இலவசம். லேபில் மேட்லேப்பில் எழுதும் முதலாண்டுக் கணக்கு அநேகமாக எல்லாம் இதிலும் ஓடும். போன் பிரவுசரில் 'ஆக்டேவ் ஆன்லைன்' என்று தேடினால் எதையும் இறக்காமலே தட்டிப் பார்க்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழி வேண்டுமென்றால், அதையும் பிரவுசரிலேயே ஓட்ட கூகுள் கோலேப் இருக்கிறது. போன் கீபோர்டில் சதுர அடைப்புக்குறியைத் தேடி எடுப்பதற்குள் உனக்குக் கோபம் வரும், அதை மட்டும் பொறுத்துக்கொள். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் ஸைலேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குத் தமிழ்க் குரலிலேயே பாடம் கிடைக்கும். அதுவும் இதே குடும்பம்தான்.

காசு கட்டி வாங்குவது உசத்தி, இலவசம் மட்டம் என்று நினைத்துவிடாதே. மேட்லேப்பே மாணவர்களுக்காகப் பிறந்ததுதான். 1970-களின் கடைசியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் நிரல் எழுதி மாய வேண்டாம் என்று அணி (மேட்ரிக்ஸ்) கணக்குக்காக ஒரு சின்னக் கருவி செய்தார். 1984-ல்தான் அது கம்பெனிச் சரக்கானது. ஆக்டேவின் கதையும் ஏறக்குறைய அதுவே. கெமிக்கல் எஞ்சினியரிங் மாணவர்கள் ரியாக்டர் வடிவமைப்புப் பாடத்தில் கணக்குப் போடுவதற்காக 1988 வாக்கில் யோசித்தது. ஜான் ஈட்டன் எழுதினார், 1994-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. பெயரில் இசை எதுவும் இல்லை. அவருடைய ஆசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது. அந்த மனிதர் எதற்குப் பேர்போனவர் தெரியுமா? கையில் கிடைத்த கவரின் பின்பக்கத்தில் இரண்டு வரி கிறுக்கி, விடை சுமாராக எவ்வளவு வரும் என்று சொல்லிவிடுவாராம். கம்ப்யூட்டர் கருவிக்கு ஒரு கைக்கணக்குக்காரரின் பெயர்! இதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை.

என் மகள் முதலாண்டு படிக்கிறாள். வீட்டுப்பாடத்தை எல்லாம் லேப்டாப்பில் தட்டி விடை எடுத்துவிடுகிறாள். பரீட்சை ஹாலில் கையால்தானே எழுத வேண்டும்? இது பழக்கத்தைக் கெடுத்துவிடாதா?
— ஒரு தகப்பனார், தாராபுரம்

கெடுக்கும் ஐயா, அவள் எந்தப் பாதியை கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறாள் என்பதைப் பொறுத்து. ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

12 வோல்ட் பேட்டரி. அதோடு தொடராக 2 ஓம் மின்தடை. அதற்கப்புறம் 4 ஓமும் 6 ஓமும் பக்கவாட்டில். ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது? கிர்க்காஃப் விதிப்படி இரண்டு லூப். முதல் லூப்பில் 2-ம் 4-ம் சேர்ந்து 6, இரண்டாவதில் 4-ம் 6-ம் சேர்ந்து 10. நடுவில் உள்ள 4 ஓம் இரண்டு லூப்புக்கும் பொது, அதனால் இரண்டிலும் மைனஸ் 4 வரும். இதுவரை எல்லாம் பேப்பரில். கம்ப்யூட்டருக்குப் போவது இந்த ஒரு வரிதான்:

[6 -4; -4 10] \ [12; 0]

என்டர் தட்டினால் 2.7273, 1.0909 என்று வந்துவிடும், ஆம்பியரில். அந்தச் சாய்ந்த கோடுதான் 'இந்தச் சமன்பாடுகளைத் தீர்' என்ற கட்டளை. சாதாரண வகுத்தல் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், கவனிக்க வேண்டும். சிலர் நேர்மாறு அணி கண்டுபிடித்து அதால் பெருக்குவார்கள். விடை வரும், ஆனால் வேலை அதிகம். பெரிய அணியில் பிழையும் கூடலாம்.

இப்போது உங்கள் மகள் அவசரத்தில் ஒரே ஒரு மைனஸை விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

[6 -4; 4 10] \ [12; 0]

இதற்கும் கம்ப்யூட்டர் முகம் கோணாமல் 1.5789, -0.6316 என்று நான்கு தசமத்தில் அழகாகச் சொல்லும். அந்த விடையை எழுதின சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும்! எழுதின சமன்பாடே தப்பு என்பதால் பிரதியிடுவது இங்கே காப்பாற்றாது. காப்பாற்றுவது வேறு வழி. 4-ம் 6-ம் பக்க இணைப்பில் 2.4 ஓம். அதோடு 2 சேர்த்தால் 4.4. 12-ஐ 4.4-ஆல் வகுத்தால் 2.7273. பஸ் டிக்கெட்டின் பின்புறமே இதற்குப் போதும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. மின்தடையும் பேட்டரியும் மட்டும் உள்ள சர்க்யூட்டில் அந்த அணி சமச்சீராக இருந்தாக வேண்டும், அதாவது மேல் வலது மூலையில் இருப்பதே கீழ் இடது மூலையிலும். ஒரு மூலையில் -4, இன்னொரு மூலையில் 4 என்று கண்ணில் பட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

ஆகவே அவளைத் தடுக்காதீர்கள். சமன்பாடு அமைக்கும் தாளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். தாளே இல்லையென்றால் உங்கள் கவலை நியாயம். பரீட்சைக்கு முந்தின மாதம் லேப்டாப்பை மூடிவிட்டுக் கையாலேயே போடட்டும், அந்த வேகம் வேறு வழியில் வராது.

சைன் 30 என்று கொடுத்தால் -0.9880 என்று வருகிறது. சாஃப்ட்வேரில் கோளாறா?
— டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்த மாணவன், பரமக்குடி

கோளாறு இல்லை தம்பி. நீ 30 டிகிரி என்று நினைத்தாய், அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. 30-ஐ பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்துக் கொடு, 0.5 வரும். டிகிரியிலேயே வாங்கிக்கொள்ளும் 'சைன்ட்' என்ற கட்டளையும் உண்டு. 30 டிகிரியின் சைன் மைனஸில் வராது என்று உனக்குத் தெரிந்ததால் பிடித்தாய். சைன் 40 என்று கொடுத்திருந்தால் 0.7451 வந்திருக்கும். பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும், நீயும் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாய்.

நானும் என் நண்பனும் ஒரே அணியைத்தான் வர்க்கம் எடுத்தோம். அவனுக்கு ஒரு விடை, எனக்கு ஒரு விடை. இரண்டு பேருக்கும் எரர் வரவில்லை. யார் சரி?
— முதலாண்டு மாணவன், ஆத்தூர்

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் நண்பன் எழுதினது:

[1 2; 3 4]^2

நீ எழுதினது:

[1 2; 3 4].^2

நடுவில் ஒரு புள்ளி. அவனுக்கு 7, 10, 15, 22. உனக்கு 1, 4, 9, 16. அவனுடையது அணியை அணியாலேயே பெருக்கினது, நிரைக்கு நிரல் என்று பெருக்கிக் கூட்டுவோமே, அது. உன்னுடையது உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வர்க்கம் எடுத்தது. அணிப் பாடத்துக் கணக்கு என்றால் அவன் சரி. அதுவே நேரத்துக்கு நேரம் எறிபொருளின் உயரம் கணக்கிடுகிறாய், நேரங்களை எல்லாம் ஒரு வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் வர்க்கம் வேண்டும் என்றால் நீ சரி.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று நியாயமாகக் கேட்பாய். மோலர் செய்த முதல் மேட்லேப்பில் அணியைத் தவிர வேறு தரவு வகையே கிடையாது. ஒற்றை எண்கூட ஒன்றுக்கு ஒன்று அணிதான். அதனால் பெருக்கல் குறி, அடுக்குக் குறி எல்லாவற்றுக்கும் அணிப் பொருள்தான் முதல் உரிமை. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டுமென்றால் புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும்.

[1 2 3]^2 என்று கொடுத்துப் பார். சதுர அணி இல்லை என்று திட்டி அனுப்பிவிடும். திட்டினால் நல்லது, எங்கே தப்பு என்று தேடுவோம். சதுர அணியில் புள்ளியை மறந்தால் திட்டாது, அங்கேதான் வம்பு. நான் லேபில் ரெக்கார்டு திருத்தும்போது முதலில் பார்ப்பது இந்தப் புள்ளியைத்தான்.

எக்ஸ்³ − 2 எக்ஸ் − 5 = 0. ரூட்ஸ் கட்டளையில் [1 -2 -5] கொடுத்தேன். 3.4495, -1.4495 என்று வருகிறது. புத்தகத்தில் விடை 2.0946. புத்தகம் தப்பா?
— முதலாண்டு மாணவி, பொள்ளாச்சி

முப்படிச் சமன்பாட்டுக்கு மூலம் எத்தனை அம்மா? மூன்று. உனக்கு வந்தது இரண்டு. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்தச் சமன்பாட்டில் எக்ஸ் வர்க்கம் இல்லை. இல்லாவிட்டாலும் அதன் இடத்தில் ஒரு சுழியம் போட வேண்டும், [1 0 -2 -5] என்று. நீ கொடுத்த மூன்று எண்ணைப் பார்த்து, எக்ஸ் வர்க்கம் மைனஸ் 2 எக்ஸ் மைனஸ் 5 என்ற இருபடிச் சமன்பாட்டைத்தான் தீர்க்கச் சொல்கிறாய் என்று அது எடுத்துக்கொண்டது. அந்தக் கேள்விக்கு உன் விடை நூற்றுக்கு நூறு. 3.4495-ஐ உண்மையான சமன்பாட்டில் போட்டுப் பார், சுழியம் வர வேண்டிய இடத்தில் 29-க்கு மேல் வரும். இதுவும் பஸ் டிக்கெட் கணக்குதான்.

சுழியம் சேர்த்தால் 2.0946-ம் இரண்டு கலப்பெண்களும் வரும், -1.0473 கூட்டல் கழித்தல் 1.1359 ஐ (i). மூன்றையும் கூட்டிப் பார், சுழியம். எக்ஸ் வர்க்கத்தின் கெழு சுழியம் என்றால் மூலங்களின் கூட்டலும் சுழியமாகத்தான் இருக்க வேண்டும், பிளஸ் டூவில் படித்ததுதானே.

நீ எடுத்தது சாதாரணக் கணக்கு இல்லை, தெரிந்துகொள். நியூட்டன் தன் முறையை விளக்குவதற்கு எடுத்துக்கொண்ட சமன்பாடே இதுதான். ஜான் வாலிஸ் 1685-ல் வெளியிட்ட இயற்கணித நூலில் அச்சேறியது. உன் பாடத்தில் நியூட்டன்–ராஃப்சன் என்று வரும் முறைதான், இன்றைய வடிவில். கையால் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல கணக்கு கிடையாது. 2-ல் தொடங்கு. சமன்பாட்டின் மதிப்பு -1. வகையீடு 3 எக்ஸ் வர்க்கம் மைனஸ் 2, அது 10. பத்தில் ஒன்று கூட்டினால் 2.1. மறுபடி: மதிப்பு 0.061, வகையீடு 11.23, வகுத்துக் கழித்தால் 2.0946. இரண்டே சுற்றில் நாலு தசமம் சரியாகிவிட்டது. கால்குலேட்டர் இல்லாத காலத்து ஆள் ஏன் இந்த வழியைப் பிடித்தார் என்று புரியும். கம்ப்யூட்டரில் இதே கணக்குக்கு ஒரு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ் என்ன என்று அச்சிட்டுப் பார். ரூட்ஸ் கட்டளை தரும் மூன்று விடையைவிட அந்த நான்கு வரி அச்சு உனக்கு அதிகம் சொல்லும்.

நான் ஐகன் வெக்டர் பாடம் எடுக்கிறேன். அசைன்மென்டில் ஒரு மாணவன் 0.7071, 0.7071 என்று எழுதியிருக்கிறான். கீயில் (1, 1) என்று இருக்கிறது. மதிப்பெண் போடலாமா மேடம்?
— உதவிப் பேராசிரியர், திருச்சி

தாராளமாகப் போடுங்கள் சார். அணியால் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத வெக்டர்தானே ஐகன் வெக்டர்; அதற்குத் திசைதான் முக்கியம், நீளம் நம் இஷ்டம். (1, 1), (5, 5), (-1, -1) எல்லாம் ஒன்றே. மென்பொருள் நீளத்தை 1 ஆக்கித் தருகிறது, 1-ஐ ரூட் 2-ஆல் வகுத்தால் 0.7071. மாணவன் கையால் போட்டிருந்தால் (1, 1) என்றுதான் எழுதியிருப்பான், அதனால் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதினான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். [2 1; 1 2] என்ற அணியைக் கொடுத்து ஐகன் மதிப்பு கேட்டால் 1, 3 என்று தட்டி எடுத்துவிடுவான். 'இந்த இரண்டின் கூட்டல் ஏன் 4, பெருக்கல் ஏன் 3' என்று கேளுங்கள். மூலைவிட்டத்தின் கூட்டல் 4, அணிக்கோவை 3. அதைத் தட்டி எடுக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரிலேயே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸும் பைத்தானும் அருகருகே வருகின்றன. பல கல்லூரிகளில் இரண்டு பாட ஆசிரியர்களும் ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசுவதில்லை என்பது என் பழைய ஆதங்கம். பைத்தான் லேபில் பகா எண் கண்டுபிடித்தே செமஸ்டரை ஓட்டுகிறார்கள், அணிக் கணக்கு பக்கத்து அறையில் கையால் நடக்கிறது.

சமன்பாடு தீர்க்கும்போது 'மேட்ரிக்ஸ் சிங்குலர்' என்று ஒரு எச்சரிக்கை வந்தது. ஆனால் விடையும் வந்தது. எச்சரிக்கையை விட்டுவிட்டு விடையை எழுதலாமா?
— சிவில் மாணவன், ஈரோடு

எழுதாதே! சிங்குலர் என்றால் நேர்மாறு இல்லாத அணி, அதை வைத்து ஒரே ஒரு தீர்வு என்று எடுக்க முடியாது. இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பகுதியை எழுதலாம் போலிருக்கிறது.

ஆக்டேவில் இதைத் தட்டு:

[1 2; 2 4] \ [3; 7]

எச்சரிக்கை வரும், கீழேயே 0.6800, 1.3600 என்றும் வரும். இப்போது சமன்பாடுகளைப் பேப்பரில் எழுது. எக்ஸ் கூட்டல் 2 ஒய் = 3. அப்புறம் 2 எக்ஸ் கூட்டல் 4 ஒய் = 7. முதலாவதை இரட்டித்தால் 6, இரண்டாவது 7 என்கிறது. இரண்டும் இணைகோடுகள், எங்கேயும் சந்திக்காது. தீர்வே கிடையாது. அப்படியானால் அந்த 0.68 எங்கிருந்து வந்தது? 'தீர்வு இல்லை, ஆனாலும் இரண்டு சமன்பாட்டுக்கும் மிகக் குறைந்த பிழையோடு பக்கத்தில் வருவது இது' என்று ஆக்டேவ் தானாகவே வேறொரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டது. பிரதியிட்டுப் பார்: முதலாவதில் 3-க்குப் பதில் 3.4, இரண்டாவதில் 7-க்குப் பதில் 6.8. இரண்டுமே தப்பு. இதே வரியை மேட்லேப்பில் போட்டால் எண்ணுக்குப் பதில் இன்ஃபினிட்டி என்று காட்டும். ஒரே வரி, இரண்டு மென்பொருள், இரண்டு நடத்தை.

இன்னொன்றையும் பார். 7-க்குப் பதில் 6 போடு. இப்போது இரண்டும் ஒரே கோடு, தீர்வு கணக்கில்லாமல் உண்டு. ஆக்டேவ் அதே எச்சரிக்கையோடு 0.6, 1.2 என்று ஒன்றை மட்டும் காட்டும். முடிவில்லாத தீர்வுகளில் நீளம் மிகக் குறைந்தது அது, அவ்வளவுதான் அதன் தகுதி.

நீ சிவில் என்கிறாய். அடுத்த வருடங்களில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸில் விறைப்பு அணி, அதாவது ஸ்டிஃப்னெஸ் மேட்ரிக்ஸ் படிப்பாய். ஒரு சட்டகத்துக்குத் தாங்கிகளைக் கொடுக்க மறந்துவிட்டால் அந்த அணி சிங்குலர் ஆகிவிடும். ஏன்? தாங்கி இல்லாத கட்டடம் காற்றில் மிதக்கிறது, தள்ளினால் அப்படியே நகர்ந்துகொண்டே போகும், நிற்கும் இடம் என்று ஒன்று கிடையாது. 'சிங்குலர்' என்ற எச்சரிக்கை உன்னிடம் சொல்வது அதைத்தான்: உன் கட்டடம் நிற்கவில்லை. எங்கள் கல்லூரியில் சிவில் துறைக்காரர் ஒருவர் லேபில் இந்த எச்சரிக்கை வந்தால் மாணவனை எழுந்து நிற்கச் சொல்வார். கம்ப்யூட்டரைத் தொடவிடாமல் வரைபடத்தைக் கையில் கொடுத்து, எங்கே தாங்கி விட்டுப்போனது என்று தேடவிடுவார். தேடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

0.1 + 0.2 == 0.3 என்று கேட்டால் 'இல்லை' என்கிறது. என் கடை கால்குலேட்டருக்குத் தெரிந்தது இவ்வளவு பெரிய மென்பொருளுக்குத் தெரியாதா?
— மளிகைக்கடைக்காரர், மகன் எஞ்சினியரிங் மாணவர், கோவில்பட்டி

மகனிடம் கேட்டுவிட்டு அவர் விழித்ததால் எனக்கு எழுதினீர்கள் என்று தெரிகிறது. நல்ல கேள்வி.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.3333 என்று முடியாமல் போகும் அல்லவா? பத்தடிமான எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு முடிவு கிடையாது. கம்ப்யூட்டர் எண்ணுவது இரண்டடிமானத்தில். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் முடிவு கிடையாது. எங்கேயோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டின 0.1-ம் வெட்டின 0.2-ம் சேர்ந்தால் வெட்டின 0.3-ஐவிட மயிரிழை கூடுதல். 0.1 + 0.2 - 0.3 என்று தட்டிப் பாருங்கள், தசமப் புள்ளிக்குப் பின் 16 சுழியங்களுக்கு அப்புறம் ஒரு 5 தெரியும். உங்கள் கடை கால்குலேட்டர் பெரும்பாலும் பத்தடிமானத்திலேயே கணக்குப் போடும் ஜாதி, அதனால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இவ்வளவு சின்னப் பிழை யாரை என்ன செய்துவிடும் என்று தோன்றும். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணைத் தளம். அதன் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி பத்தில் ஒரு வினாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த 0.1-ஐ 24 பிட்டோடு வெட்டியிருந்தார்கள். ஒரு தடவைக்குப் பிழை ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடினதில் அது சேர்ந்து சேர்ந்து சுமார் 0.34 வினாடி ஆகிவிட்டது. வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியாட் தப்பான இடத்தில் தேடியது, சுடவே இல்லை. ஸ்கட் ராணுவக் குடியிருப்பில் விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தசம எண்கள் இரண்டும் சமமா என்று கேட்காதே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீ பொறுத்துக்கொள்ளும் அளவைவிடக் குறைவா என்று கேள். 0-ல் தொடங்கி 0.1, 0.1 ஆகக் கூட்டி, 1 ஆகும்போது நில் என்று லூப் எழுதினால் அது நிற்காது. பத்துத் தடவை கூட்டினால் வருவது 0.9999999999999999, ஒன்றில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டும்.

-8-க்குக் கனமூலம் -2. ஆனால் (-8)^(1/3) என்றால் 1.0000 + 1.7321 ஐ என்று கலப்பெண் வருகிறதே?
— பி.எஸ்சி. கணிதம், காரைக்குடி

-8-க்கு மூன்று கனமூலம் உண்டு, -2 அதில் ஒன்று. அடுக்கு பின்னமாக இருந்தால் ஆக்டேவ் முதன்மை மூலத்தைத்தான் எடுக்கும், அது நீங்கள் சொன்ன கலப்பெண். மெய்மூலம் வேண்டுமென்றால் 'என்த்ரூட்' என்ற கட்டளை தரும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு -8^(1/3) என்று தட்டினாலும் -2 வரும். அது முதலில் 8-க்கு மூலம் எடுத்து அப்புறம் மைனஸ் போட்டதால் வந்தது. விடை சரி, வழி வேறு.

சாட்பாட்டில் கேட்டால் ஸ்டெப் ஸ்டெப்பாக முழுக் கணக்கும் வந்துவிடுகிறது. இனி ஆக்டேவ் எதற்கு, பைத்தான் எதற்கு?
— மூன்றாமாண்டு மாணவன், சென்னை

அதைப் பக்கத்து பெஞ்ச் பையனைப் போல நடத்து. நன்றாகப் படிக்கிறவன், நம்பிக்கையோடு பேசுகிறவன், ஆனால் அவன் தாளைப் பார்த்து அப்படியே எழுதினால் அவன் தப்பும் சேர்ந்து வரும். அது சொன்ன விடையை ஆக்டேவில் பிரதியிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? நிரல் எழுதிக் கொடு என்று கேட்பது எனக்கும் பிடித்த உபயோகம்தான். எழுதிக் கொடுத்ததை ஓட்டு, விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் அதில் போடு. மேலே சொன்ன பேட்டரிக் கணக்கே போதும்.

தொகையீடு கேட்டால் புத்தக விடை ஒன்று, பைத்தானில் இயற்கணிதம் போடும் சிம்பை தரும் விடை வேறு. 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ்-க்குப் புத்தகத்தில் மைனஸ் காஸ் 2 எக்ஸ் பை 2. சிம்பை சைன் வர்க்கம் எக்ஸ் என்கிறது.
— முதலாண்டு மாணவி, தஞ்சாவூர்

இரண்டும் சரி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார், அரை என்ற மாறிலிதான் மிஞ்சும். சிம்பை தொகையீட்டு மாறிலியைச் சேர்த்து எழுதாது. பரீட்சையில் நீ எழுத வேண்டும், எழுதாவிட்டால் திருத்துகிறவர் கை சும்மா இருக்காது. சந்தேகம் வந்தால் இரண்டு விடையையும் வகையிட்டுப் பார்.

பைத்தானில் 5^2 என்றால் 7 வருகிறது!
— பெயர் எழுதவில்லை, வேலூர் தபால் முத்திரை

பைத்தானில் அந்தக் குறி அடுக்கு இல்லை. இரண்டு எண்ணின் பிட்டுகளையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போடும் குறி. 5 என்பது 101, 2 என்பது 010, சேர்ந்து 111, அதாவது 7. அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம், 5**2. ஆக்டேவில் பழகிவிட்டு பைத்தானுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை இடறுவார்கள், ஏனென்றால் எரரே வராது.

எக்செல்லில் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதோடு ஒன்று. -3^2 என்பதை ஆக்டேவிலும், இரட்டை நட்சத்திரத்தோடு பைத்தானிலும் தட்டினால் -9. எக்செல்லில் சமக்குறி போட்டு அதையே தட்டினால் 9. அங்கே மைனஸ் முதலில் ஒட்டிக்கொள்கிறது, வர்க்கம் அப்புறம். ஃபார்முலாவில் மைனஸுக்குப் பக்கத்தில் அடுக்கு வந்தால் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள், எந்த மென்பொருளாக இருந்தாலும்.